போய்க் கேட்ட பிறகு பேசுங்கள்: இராமநாதபுரம் கரையில் சபை வாழ்வுக்குப் புதியவர்களுக்கு

இந்தக் கரைக்கு நான் வந்த முதல் வருடம், அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் கூட்டம்) ஒன்றில் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னேன். "இந்த ஊர் ஆம்பளைங்களுக்குப் பக்தி கம்மி. ஞாயித்துக்கிழமை பூசையில அவங்க பக்கம் பாதி காலியாத்தான் இருக்கு." நான் உள்நாட்டு ஊரில் பிறந்து வளர்ந்தவள். பாம்பன் தீவில் ஆசிரியை வேலை கிடைத்து வந்திருந்தேன். யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஒரு பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "டீச்சர், சனிக்கெழம தொழிலுக்குப் போன ஆளுக ஞாயித்துக்கெழம காலையிலதான் கரையேறுவாக. மீனப் பிரிச்சு, கணக்குப் பாத்து, குளிச்சு வர பத்து மணியாயிரும். நம்ம பூச ஏழு மணிக்கு."

இராமேசுவரம் பகுதியில் கடலை முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். விசைப்படகின் நாள்களில் சனிக்கிழமையும் ஒன்று. நான் பக்திக் குறைவு என்று தீர்த்தது இரவெல்லாம் வலை இழுத்த உடம்பை.

அந்தப் பெரியம்மா என்னைக் கூட்டத்தில் வைத்தே மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் எல்லாரும் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்கள். அவரோ தனியாக வந்து சொன்னார். உன் சகோதரன் தவறு செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கும்போது எடுத்துச் சொல் என்று மத்தேயு 18:15 சொல்கிறது. நான் அதை மனப்பாடமாக ஒப்பிப்பேன். அவர் செய்து காட்டினார்.

வேலை மாறுதலில் வருகிறவர்கள், கலியாணமாகி வருகிறவர்கள், வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குள் வருகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீங்கள் எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வருடம் பழக வேண்டியது ஒன்றுதான். ஒருவரைப் பற்றி உங்கள் மனதில் ஒரு தீர்ப்பு உருவாகும்போது, அது வாய்க்கு வருமுன் உங்கள் கால் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

முதல் படி: மூன்று மாதம் கருத்துச் சொல்லாமல் இருங்கள்

இந்த மூன்று மாதத்தில் நீங்கள் படிக்க வேண்டியது கடலின் நாள்காட்டி. அது தெரியாமல் இங்கே யாருடைய பக்தியையும் யாருடைய காணிக்கையையும் அளக்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் நின்றுவிடும். அரசு நிவாரணம் வரும், ஆனால் அதை வைத்து இரண்டு மாதம் ஒரு குடும்பத்தை ஓட்ட முடியாது. பள்ளி திறக்கும் செலவும் அதே சமயத்தில் வந்து நிற்கும். திருவிழா வரி பாக்கி வைத்த குடும்பத்தின் பெயரை அந்த நாள்களில் யாராவது உங்கள் காதில் போட்டால், அது எந்த மாதம் என்று முதலில் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வாடை என்னும் வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்). வல்லம் என்ற சிறு படகில் தொழில் செய்கிறவர்களுக்கு எந்த வாரம் கையில் காசு புரளும், எந்த வாரம் கடனுக்கு அரிசி வாங்குவார்கள் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. பாசி எடுக்கப் போகிற பெண்கள் கடலின் இறக்கத்தைப் பார்த்துப் போவார்கள். உங்கள் செபக்கூட்ட நேரம் அவர்களுடைய நீரோட்ட நேரத்தோடு மோதினால் வர முடியாது. அவர்கள் வரவில்லை என்றால் நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

மூன்றாவதை மெதுவாகச் சொல்கிறேன். கணவர் கூட வராமல் தனியாகக் கோவிலுக்கு வரும் பெண்ணிடம், "வீட்டுக்காரர் எங்கே, வரமாட்டாரா?" என்று கேட்காதீர்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கலாம். கடலுக்குப் போய்த் திரும்பாமலே போயிருக்கலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், மந்திரிக்க ஒரு குழி கூட இல்லாமல் கடலைப் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களை இங்கே பார்ப்பீர்கள். கேட்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர்களாகச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: தாழ்மையைக் கையால் பழகுங்கள்

தாழ்மையை மனதில் வரவழைக்க முயன்றால் பெரும்பாலும் தோற்றுப்போவோம். "நான் தாழ்மையாக இருக்கிறேனா" என்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். கடைசி இரவு உணவில் இயேசு தாழ்மையைப் பற்றி முதலில் பேசவில்லை. எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது (யோவான் 13). நாமும் அந்த வரிசையில் போகலாம்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கோவில் வளாகம் கூட்டுவார்கள். அதற்குப் போங்கள். தேர்பவனி முடிந்த மறுநாள் காலையும் போங்கள். அன்றைக்கு ஆள் குறைவாக இருக்கும், குப்பை நிறைய இருக்கும். துடைப்பம் எடுத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது, அந்த ஊரில் யார் யாருக்குச் சத்தமில்லாமல் உதவுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பங்குப் பேரவையிலோ பாடகர் குழுவிலோ முதல் வருடமே இடம் கேட்காதீர்கள். படித்தவர், உத்தியோகம் பார்ப்பவர் என்று அவர்களாகவே அழைப்பார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாங்க சாமி" என்று பங்குத்தந்தையிடம் பணிவாகச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுத்தரச் சொல்லி ஒருவரிடம் போங்கள். நான் மீன் கழுவக் கற்றது எங்கள் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அக்காவிடம். நகரையின் முள் எப்படிப் போகிறது, திருக்கையின் தோலை எப்படி உரிப்பது என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகினேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி இளக்காரமாகப் பேச அதன்பிறகு எனக்கு நாக்கு வரவில்லை.

உட்காரும் இடத்தையும் கவனியுங்கள். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று பிரிப்பவர்களை யாக்கோபு தம் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டாருக்கு ஒரு மரியாதை, கூலிக்குப் போகிறவருக்கு வேறு மரியாதை என்பது எந்த ஊரிலும் எளிதாக வந்துவிடும். சாதி அதைவிட ஆழமாகப் போயிருக்கிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடமும் சீர்திருத்தச் சபைகளிலும் அது இன்னும் தீராத நோய்தான், மறைத்துப் பேசுவதில் பயனில்லை. புதியவரான உங்களிடம் முதல் வாரத்திலேயே சுற்றி வளைத்து "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் யாரிடமும் அதைக் கேட்காதீர்கள். எந்த வீட்டில் அழைத்தாலும் போய்ச் சாப்பிடுங்கள், எந்த வீட்டாரையும் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றதைக் கேட்டுத்தான் பவுல் அவ்வளவு கோபமாக எழுதினார். ஆண்டவருடைய பந்தியையே அது கெடுத்துவிட்டது என்கிறார் (1 கொரிந்தியர் 11).

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு உங்களை உட்காரச் சொன்னால் மறுக்காதீர்கள். பெண்களும் அதில் அமரலாம் என்று 2016இல் போப் பிரான்சிஸ் காலத்தில் ஒழுங்கு மாறியது. பிறர் கால் கழுவுவதைவிட, நம் வெடித்த குதிகாலைப் பத்துப் பேர் பார்க்க நீட்டுவது கடினம். பேதுருவும் அதற்குத்தான் முரண்டு பிடித்தார்.

மூன்றாம் படி: வாய்க்கு வருமுன் பிடியுங்கள்

தீர்ப்பு நமக்குள் எந்த உருவத்தில் வருகிறது என்று தெரிந்தால்தான் பிடிக்க முடியும். சபைக்குள் அது திட்டாக வருவது குறைவு. அக்கறையாக வரும். "அந்த வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, என்னமோ சரியில்லையாம்" என்று ஜெபக் குறிப்பாக வரும். நான் அதிகம் விழுந்தது இந்தக் குழியில்தான். ஒருவருக்காகச் செபிக்க, அவர் வீட்டுக் கதை இருபது பேருக்குத் தெரியவேண்டியதில்லை. பெயரை மட்டும் சொன்னால் கடவுளுக்குப் புரியும்.

ஒரு செய்தி காதில் விழுந்ததும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேனா? பார்த்தேன் என்றால், ஏன் என்று அவரிடம் கேட்டேனா? இரண்டுக்கும் ஆம் என்று வராதவரை அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும்.

அப்போதும் அரிப்பு அடங்கவில்லை என்றால் எனக்கு உதவும் ஒரு பழைய சம்பவம் உண்டு. நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் மோசே என்று ஒரு கறுப்பினத் துறவி இருந்தார். துறவியாகுமுன் வழிப்பறிக் கொள்ளைக்காரர். ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டார் என்று மற்றவர்கள் கூடி, தீர்ப்புச் சொல்ல இவரையும் அழைத்தார்கள். மோசே ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியிருந்தது. இதென்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, இன்னொருவர் பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்ற பொருளில் சொன்னார். அந்தச் சகோதரரை மன்னித்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீருக்காகக் குடத்தோடு நடந்த ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடம் ஒழுகுவது சுமப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும், பின்னால் வருகிறவர் முதலிலேயே பார்த்துவிடுவார். ஆகவே ஒரு நல்ல நண்பரிடம், "என் குடம் எங்கே ஒழுகுது, சொல்லுங்க" என்று வருடத்தில் ஒருமுறையாவது கேளுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போகுமுன் கேட்டால் இன்னும் நல்லது.

நான்காம் படி: போய்க் கேட்கும் விதம்

நேரம் முக்கியம். படகு கரையேறி மீன் பிரிக்கும் நேரத்தில் போகாதீர்கள். ஏலம் நடக்கும்போது போகாதீர்கள். மாலையில், வாசலில் உட்கார்ந்து வலைப் பழுது பார்க்கும் நேரம் நல்லது. கை வேலையில் இருக்கும்போது வாய் இலகுவாகப் பேசும்.

தனியாகப் போங்கள். சாட்சிக்கு ஆள் கூட்டிப் போவது மத்தேயு 18இல் இரண்டாவது கட்டம், சபையிடம் சொல்வது மூன்றாவது. நம்மில் பலர் மூன்றாவதில் தொடங்குகிறோம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது மூன்றாவதைவிடத் தள்ளியது. குரல் பதிவு அனுப்புவதும் வேண்டாம், அது உங்கள் கையைவிட்டுப் போய் ஊரைச் சுற்றும்.

குற்றச்சாட்டாக ஆரம்பிக்காமல் கேள்வியாக ஆரம்பியுங்கள். "அண்ணே, நான் ஒண்ணு தப்பாப் புரிஞ்சிருக்கேனோன்னு தோணுது, நீங்கதான் சொல்லணும்" என்பது போதும். அதன்பிறகு பேசாமல் இருங்கள். பத்தில் எட்டுத் தடவை நமக்குத் தெரியாத ஒரு பக்கம் வெளியே வரும். மீதி இரண்டு தடவை உண்மையாகவே தவறு இருக்கும். அப்போதும், வீடு தேடி வந்து கேட்டவரிடம் மனிதர்கள் இறங்கித்தான் பேசுகிறார்கள்.

இரண்டு குடும்பம் பேசாமல் இருக்கும் ஊரில் உங்களை ஒரு பக்கம் இழுப்பார்கள். பிலிப்பி சபையில் எவோதியா, சிந்திக்கே என்ற இரண்டு பெண்களுக்குள் மனத்தாங்கல் இருந்தது. இருவரும் பவுலோடு நற்செய்திக்காக உழைத்தவர்கள். யார் பக்கம் நியாயம் என்று பவுல் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. ஒரே மனமாயிருங்கள் என்று இருவரையும் தனித்தனியே கெஞ்சுகிறார், அங்கிருக்கும் தோழரை அவர்களுக்கு உதவச் சொல்கிறார். அந்தத் தோழரின் இடம்தான் புதியவருக்குப் பொருத்தமான இடம். இரண்டு வீட்டிலும் தேநீர் குடியுங்கள். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஐந்தாம் படி: மற்ற சபையாரோடு

இங்கே கத்தோலிக்கர் மிகுதி. சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது, இராமநாதபுரம் மாவட்டம் அதில்தான் சேரும். தென்னிந்தியத் திருச்சபையார் இருக்கிறார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு உள்ளிட்ட பல சபைகள் தங்கள் பெயரை விட்டுக்கொடுத்து 1947 செப்டம்பர் 27இல் ஒன்றானதில் பிறந்த சபை அது. பெந்தெகொஸ்தே சபைகளும் பல ஊர்களில் உண்டு. பூசை என்பார் ஒருவர், ஆராதனை என்பார் இன்னொருவர். ஒருவருக்குச் சாமியார், ஒருவருக்கு ஐயர், ஒருவருக்குப் பாஸ்டர். அவரவர் வீட்டில் அவரவர் சொல்லைப் பயன்படுத்துங்கள். "ஸ்தோத்திரம்" என்று கைகூப்பினால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதில் உங்கள் விசுவாசத்துக்கு ஒன்றும் குறையாது.

ஓரியூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். லிஸ்பனில் பிறந்து, காவியுடுத்து, தமிழ் பேசி, சைவ உணவு உண்டு வாழ்ந்த மறைபரப்பாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4இல் வெட்டப்பட்ட இடம் அது. அங்கே செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்ப்பீர்கள். மொட்டை போடுகிறவர்கள், கிடாய் வெட்டிச் சமைத்துப் பந்தி வைக்கிறவர்கள், கிறிஸ்தவரே அல்லாத குடும்பங்கள் என எல்லாரும் வருவார்கள். எங்கள் ஊர்ப் பக்க முறையில் வழிபட்டுப் பழகிய நான் முதலில் முகம் சுளித்தேன். பிறகு உரோமையர் 14ஐத் திரும்பப் படித்தேன். ஒருவர் எல்லாம் உண்கிறார், ஒருவர் காய்கறி மட்டும். ஒருவர் ஒரு நாளை உயர்வாகக் கொள்கிறார், ஒருவர் எல்லா நாளையும். இன்னொருவர் வீட்டு வேலையாளுக்குத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று பவுல் கேட்கிறார். கிடாய் வெட்டிய தாயிடம் போய், எதற்காக நேர்ந்தீர்கள் என்று கேட்டேன். மகன் பிழைத்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். அதே அதிகாரத்தை மறுபக்கமும் பிடிக்க வேண்டும். நகை போடாமல் வெள்ளை உடுத்தி உபவாசம் இருக்கும் பெந்தெகொஸ்தே சகோதரியைக் கத்தோலிக்கர் கேலி செய்வதும் அந்தத் தீர்ப்புதான்.

நடைமுறை ஒன்று. கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை கத்தோலிக்கருக்குத்தான். விருந்தினராகப் போனால் வரிசையில் நிற்காமல் இடத்திலேயே அமர்ந்து செபியுங்கள். வேறு சபைக்குப் போகும்போது அங்குள்ள ஒழுங்கை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம். உங்கள் ஊரில் கூட்டுச் செபம் நடந்தால் போங்கள். நடக்காவிட்டால் பக்கத்துச் சபை வீடு ஒன்றில் சேர்ந்து ஒரு சங்கீதம் வாசித்தாலே போதும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலையின் மடி கடலுக்குள் கிடக்கும். இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கும். ஒரு பக்கம் முந்திவிட்டால் மடி கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவரும். ஒன்றிப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவும் அப்படித்தான். இழுவைமடி வலையாலும் கடல் எல்லையாலும் வருடம் முழுவதும் மனக்கசப்பில் இருக்கிற இரண்டு கரைத் தமிழரும் அங்கே ஒரே சிலுவைப்பாதையில் நடக்கிறார்கள். சிக்கல் அதனால் தீர்ந்துவிடவில்லை. எதிர்க்கரைக்காரருக்கும் முகம் இருக்கிறது என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் படி: எங்கே மௌனம் கூடாது

தீர்ப்பிடாதே என்பதை வாயடைக்கும் கயிறாக யாரும் உங்கள்மேல் போட விடாதீர்கள். பெண்ணை அடிப்பவர், பிள்ளையிடம் தவறாக நடப்பவர், பொதுப்பணத்தைத் தின்பவர் விஷயத்தில் "நாம யாரு தீர்ப்புச் சொல்ல" என்று சொல்வது கோழைத்தனம். அவருடைய ஆன்மா எங்கே போகும் என்பதுதான் நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அடி விழுவதை நிறுத்துவது நம் கடமை. அங்கே தனியாகப் போய்க் கேட்கும் முறையும் பொருந்தாது, பாதிக்கப்பட்டவரை அது இன்னும் ஆபத்தில் தள்ளும். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. சபையின் பெயர் கெடும் என்று தடுப்பவர் பங்கின் பெரியவராகவே இருந்தாலும் அழையுங்கள்.

ஏழாம் படி: ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால்

இந்தப் படி எல்லாருக்கும் தேவைப்படும். எங்கே சொன்னீர்களோ அங்கேயே போய்த் திருத்துங்கள். பத்துப் பேர் முன் பேசிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் அந்தப் பத்துப் பேரிடம் பழைய சொல் அப்படியே கிடக்கும். காரணம் அடுக்காதீர்கள். "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்பது மன்னிப்பு ஆகாது. "நான் இப்படிச் சொன்னேன், அது தப்பு" என்று சொல்ல வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிறது மத்தேயு 5:23-24. ஆகையால் அடுத்த ஞாயிற்றுக்கு முன்னால் போவது நல்லது.

அடுத்த மாத அன்பியக் கூட்டத்தில் நான் எழுந்து, ஆம்பளைகளுக்குப் பக்தி கம்மி என்று சொன்னது தவறு, கடல் முறை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அந்தப் பெரியம்மா பாட்டை எடுத்துக் கொடுத்தார், எல்லாரும் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பூசை வைக்கச் சொல்லிச் சாமியாரிடம் கேட்கலாமா என்று ஒருவர் பேச்செடுத்தார். மனு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.